சுளுக்கு எடுக்க மறுத்தவள் எழுதுவது

பிரிட்டோவுக்கு,

உன்னிடம் என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லி உன் அப்பாவைத் தூது விட்டிருந்தாய். பாவம், அந்த மனுஷன் காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மழை வருமா வராதா என்பதில் ஆரம்பித்து, மின்வாரியத்தில் வேலை பார்த்த காலத்துக் கதையெல்லாம் பேசி, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். "அவென் திங்கக்கிழமை கெளம்புறான்ல. நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. பெத்த புள்ளகிட்ட என்ன வீம்பு?" என்றார். "ஒரு வார்த்தைல முடியிற சங்கதி இல்லங்க இது. எழுதித் தாரேன், கொண்டு போய்க் குடுங்க" என்றேன். அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். உன் அணியில் ஆடும் கார்த்திகாவை இறுதிப் போட்டியில் இறங்கவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அதே காலோடு அதே பிள்ளை நாளைக்கு வந்து நின்றாலும் அதே போல ஆட்டோவில் ஏற்றத்தான் செய்வேன். ஐந்து வாரமாக முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறாய். இன்னும் ஐம்பது வாரம் பேசாமல் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஆனால் திங்கட்கிழமை நீ திருச்சிப் பக்கம் அந்த விடுதிப் பள்ளியில் கால்பந்துப் பயிற்சியாளராகச் சேரப்போகிறாய். அறுபது பிள்ளைகள், நூற்றிருபது கால்கள். இதைப் படிக்காமல் நீ அந்தக் கால்களுக்குப் பொறுப்பேற்கக் கூடாது.

உறையை நான் ஒட்டவில்லை. இங்கே உன்னிடம் ஆடிய பதினாறு பிள்ளைகளின் அம்மாமாருக்கும் ஆளுக்கொரு நகல் எடுத்துக் கொடுக்கப்போகிறேன். வீட்டுச் சண்டையை ஊர் நடுவில் வைப்பதா என்று நீ கேட்பாய். இது வீட்டோடு நின்ற சண்டையாக இருந்தால் வீட்டிலேயே முடித்திருப்பேன். சந்தைக்குப் போனால் காய்க்காரம்மா கேட்கிறாள், பூசைக்குப் போனால் பின் பெஞ்சிலிருந்து கிசுகிசுக்கிறார்கள். ஒருத்தி, "டீச்சருக்கு மகன் ஜெயிக்கிறது பொறுக்கல போல" என்றாளாம். ஆளாளுக்கு ஒரு கதை சொல்லும்போது, அந்தக் காலைக் கையில் பிடித்துப் பார்த்தவள் நான் சொல்வதையும் அவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இறுதிப் போட்டி அன்று காலை எட்டு மணி இருக்கும். வாசலில் ஆட்டோ நின்றது. கார்த்திகா அவள் அம்மா செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தாள். செல்வி செக்காலை ரோட்டில் ஜவுளிக்கடையில் நிற்கிறவள், அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மகள் ஆடுவதைப் பார்க்க வந்திருந்தாள். கையில் வெற்றிலை பாக்கும் நல்லெண்ணெய்க் கிண்ணமும். அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. "பிரிட்டோ சார் அனுப்புனாக டீச்சர்" என்றாள் கார்த்திகா. "நேத்து செமிபைனல்ல திரும்பையில கால் மடங்கிருச்சு. எங்கம்மாட்ட போ, ஒரு உருட்டு உருட்டி விட்டாகன்னா பத்து மணிக்கு எறங்கிரலாமுன்னு சொன்னாக." பதின்மூன்று வயதுப் பிள்ளை, ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். ஆனாலும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இந்தத் தெருவுக்குப் புதிதாக வந்த அம்மாமாருக்காக இதைச் சொல்ல வேண்டும். இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை பட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பது நம் ஊர்ப்பக்கத்து நம்பிக்கை. எண்ணெய் தடவி, உலக்கையை முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் உருட்டிவிட வேண்டும். மூன்று நாள் அப்படிச் செய்தால் சரியாகிவிடுமாம். நீயும் அமலியும் பத்து நிமிட இடைவெளியில் பிறந்த அன்றைக்கே எனக்கு இந்தப் பட்டம் கிடைத்துவிட்டது. நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிற டீச்சர் என்பதை ஊர் மறந்தே போனது, 'ரெட்டைப்புள்ள டீச்சர்' என்பதுதான் நிலைத்தது. கழுத்துப் பிடித்தவர், இடுப்புப் பிடித்தவர், கோவிலூரிலிருந்து மூட்டை தூக்கி முதுகு பிசகினவர் என்று தினமும் யாராவது வருவார்கள். பாதிப் பேருக்குத் தானாகவே சரியாகியிருக்கும், பெயர் எனக்கு வந்தது. பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருஷம் முன்பு நிறுத்தினேன். கேட்டவர்களிடம் மணிக்கட்டு வலி என்று சொன்னேன். உனக்கும் அதையேதான் சொன்னேன். மகன் சொல்லி அனுப்பினால் அம்மா மறுக்க மாட்டாள் என்று நீ கணக்குப் போட்டாய்.

கார்த்திகாவை நாற்காலியில் உட்கார வைத்துக் காலுறையைக் கழற்றினேன். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அப்போதுதான் வீக்கம் எவ்வளவு என்று தெரியும். வலது பாதம் வெளிப்பக்கம் பணியாரம் போல உப்பி, கீழே கருநீலம் கோத்திருந்தது. கணுக்காலின் இரண்டு பக்க எலும்பையும் அழுத்தினேன், பிள்ளை பேசாமல் இருந்தாள். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில், ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அதன் மேல் கட்டைவிரலை வைத்து லேசாகத்தான் அழுத்தினேன். என் கையை நகம் பதியப் பிடித்துவிட்டாள். "நாலு எட்டு நடந்து காட்டுத்தா" என்றேன். இரண்டு எட்டு வைத்தாள், மூன்றாவதற்குச் சுவரைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே, "வலிக்கல டீச்சர், சும்மா கூச்சமா இருக்கு" என்றாள். உன்னிடம் ஆடுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தப் பொய் நன்றாக வருகிறது. அதை யார் சொல்லிக் கொடுத்தது என்று யோசித்துப் பார்.

"கெளம்புங்க, எக்ஸ்ரே எடுக்கணும்" என்றேன். செல்விக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னைக்கு ஒருநா மட்டும் டீச்சர். மெட்ராஸ்ல இருந்து டீமுக்கு ஆள் எடுக்க வந்துருக்காகளாம். இதை விட்டா இவளுக்கு எப்ப வரும்? ஆடிட்டு வந்து சாயங்காலம் போறோமே" என்றாள். அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான். நிரந்தர வேலையோ நிலமோ இல்லாத வீட்டில், அந்தப் பிள்ளையின் கால்தான் அவர்கள் கண்ட ஒரே வழி. அதனால்தான் நான் இன்னும் பிடிவாதமாக நின்றேன். "ஒங்க வீட்டுக்கு இருக்கிற ஒரே சொத்து இந்தக் காலுதான்னு நீங்களே சொல்றீக. அதை இன்னைக்கே ஒடச்சுப் பாத்துரணுமா?" என்று கேட்டேன். வந்த ஆட்டோவிலேயே மூன்று பேரும் ஏறினோம். எண்ணெய்க் கிண்ணம் எங்கள் வீட்டு மேசையிலேயே கிடந்தது.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர் சின்னப் பையன், உன் வயதுதான் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நான் விரல் வைத்த அதே மேட்டுக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு. "இப்ப வெறும் விரிசல்தான். எலும்பு நகரல. ஆறு வாரம் கட்டுப் போட்டா கூடிரும். இதோட ஒரு மேட்ச் ஆடியிருந்தா நான் பேசுற பேச்சே வேற" என்றார். அந்த நேரத்தில்தான் நீ மூன்றாவது தடவை போன் செய்தாய். விஷயத்தைச் சொன்னேன். "சுளுக்கு எடுக்கச் சொல்லித்தானம்மா அனுப்புனேன்! ஒன்னைய யாரு டாக்டர் வேலை பாக்கச் சொன்னா?" என்று கத்தினாய். பக்கத்திலிருந்த செல்விக்கும் கேட்டது. ஒரு கோலில் தோற்றீர்கள். ஆள் எடுக்க வந்தவர்கள் வேறு இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். நீ வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். எல்லாம் எனக்குத் தெரியும். அடுத்த வாரம் அவள் கட்டைப் பிரிக்கும்போது எலும்பு கூடியிருக்கலாம், கூடாமல் இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம். எப்படி இருந்தாலும் அன்றைக்குச் செய்தது சரிதான்.

இன்னொரு கூட்டத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். "இதுக்குத்தான் பொம்பளப் புள்ளைக்குப் பந்து வேணாமுங்கிறது" என்று என்னை ஆதரிப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை. நான் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது அவள் ஆட வேண்டும் என்பதற்காகத்தான். பதினாலு வயதில் ஆட வேண்டும், இருபது வயதில் ஆட வேண்டும், கல்யாணமாகிப் பிள்ளை பெற்றபிறகும் ஆசைப்பட்டால் ஆட வேண்டும். கால் வலித்தால் வீட்டில் உட்கார வைப்பது ஒரு முட்டாள்தனம், வலிக்கிற காலோடு ஓட விடுவது இன்னொரு முட்டாள்தனம். இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இவ்வளவு பேசுகிற நான் உன் காலுக்கு என்ன செய்தேன் என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டும். ஊருக்குத்தான் உபதேசம் என்று ஆகிவிடக் கூடாது, அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன். உனக்குப் பத்து வயதில் முதல் பூட்ஸ் வாங்கினோம். வளர்கிற பிள்ளை என்று சொல்லி இரண்டு அளவு பெரிதாக வாங்கினேன். தீபாவளிச் சட்டையிலிருந்து செருப்பு வரைக்கும் நம் வீடுகளில் அப்படித்தானே வாங்குகிறோம். முன்னால் பழைய துணியைத் திணித்துக் கொடுத்தேன். நீ ஓடும்போது கால் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கி, குதிகாலில் கொப்புளம், பெருவிரல் நகம் ரத்தம் கட்டிக் கறுத்துப்போனது. அடுத்த வருஷம் கால் வளர்ந்துவிட்டது, பூட்ஸ் கடித்தது, "இன்னும் ஆறு மாசம் ஓட்டு" என்றேன். சட்டை பெரிதாக இருந்தால் தொளதொளவென்று தொங்கும், அவ்வளவுதான். பூட்ஸ் அப்படி இல்லை. இருப்பதிலேயே நீளமான கால்விரலுக்கு முன்னால் கட்டைவிரல் நகத்தகலம் இடம் இருந்தால் போதும், அதற்கு மேல் இருந்தால் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. சாயங்காலம் கால் கொஞ்சம் உப்பியிருக்கும் நேரத்தில், ஆடும்போது போடுகிற காலுறையையே போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். நம் மண் வேறு செம்மண் சரளை. கல் போல இறுகின தரையில் அடியில் நீளக் குமிழ் வைத்த பூட்ஸ் போட்டால் அந்தக் குமிழ் மண்ணில் இறங்காது, பாதத்தில்தான் குத்தும். அந்தத் தரைக்குச் சின்னச் சின்னக் குமிழ் வைத்த பூட்ஸ்தான் சரி. அண்ணனின் பழைய பூட்ஸைத் தம்பிக்குப் போடுகிற வீடுகளுக்கும் சொல்கிறேன், அண்ணன் கால் தேய்த்த பள்ளத்தில் தம்பி கால் மடங்கத்தான் செய்யும்.

நகம் வெட்டுவதிலும் எனக்குக் கெட்டிக்காரத்தனம். அழகாக இருக்க வேண்டும் என்று ஓரத்தை உள்ளே வரைக்கும் வளைத்து வெட்டுவேன். அந்த ஓரம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடித்து, நீ ஒரு மாதம் செருப்பில்லாமல் நடந்தாய். நேராக வெட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அப்புறம் பதினோரு வயதில் குதிகால் வலி. காலையில் எழுந்து நுனிக்காலில் நடப்பாய், ஆட்டம் முடிந்ததும் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்காருவாய். பள்ளி அணி, தெரு அணி, ஞாயிற்றுக்கிழமைப் போட்டி என்று வாரத்தில் ஏழு நாளும் ஓடிக்கொண்டிருந்தாய், அதனால் வந்த வலி அது. எலும்பு வேகமாக வளர்கிற வயதில் குதிகாலின் இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தினால் பிள்ளை துள்ளுகிறதா, ஓட்டத்தைக் குறை, கெண்டைக்காலை நீட்டி மடக்கச் சொல்லு, வாரத்தில் இரண்டு நாளாவது பந்தைத் தொட விடாதே. தானாகப் போய்விடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கணக்குப் பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாய் என்று திட்டினேன்.

பிறகு பதின்மூன்று வயது. கார்த்திகாவின் வயதுதான். உன் கால் மடங்கியதும் அவளுக்கு மடங்கிய மாதிரியேதான், வீங்கியதும் அதே இடம்தான். அந்த வாரம் நான் வகுப்பில் எலும்பு மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். பாதத்தில் இருபத்தாறு எலும்பு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து அந்த எலும்புகளின் மேல் உலக்கையை உருட்டினேன். படித்தவள்தானே, ஒரு எக்ஸ்ரே எடுக்கத் தோன்றவில்லையா என்று கேட்டால், தோன்றியது. தோன்றியும் எடுக்கவில்லை. தெருவே என்னிடம் சுளுக்கெடுக்க வருகிறது, என் பிள்ளையை நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தேன். நீ, "அம்மா, இது சுளுக்கு இல்லம்மா. உள்ள என்னமோ நறநறங்குது" என்று கதறினாய். "ஆம்பளப் புள்ளதான? பல்லைக் கடிச்சுக்க" என்றேன். மூன்று நாள் உருட்டினேன். எட்டாம் நாள் நீ மைதானத்துக்குப் போனாய். ரெட்டைப்புள்ள டீச்சரின் கைராசி என்று தெருவே பேசியது, நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பட்ட காலிலே படும் என்று சொல்வார்கள். ஏதோ அந்தக் காலுக்குத்தான் விதி சரியில்லை என்பது போல. முதலில் பட்டதை ஆற விடாவிட்டால் அது திரும்பப் படத்தான் செய்யும், இதில் விதிக்கு என்ன வேலை? அந்தப் பள்ளியில் உன்னிடம் கால் மடங்கி ஒரு பிள்ளை வந்தால் செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. ஆட்டத்தை விட்டு வெளியே கொண்டுவா. ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி கால் மணி நேரம் வை, எலாஸ்டிக் துணியால் ரத்த ஓட்டம் தடைபடாத அளவுக்குக் கட்டு, காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வை. முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெயும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம், யார் நீவவும் வேண்டாம். எலும்பு மேட்டில் அழுத்தினால் வலித்தாலோ நாலு எட்டு வைக்க முடியாமல் போனாலோ எக்ஸ்ரே. இதில் உன் அபிப்பிராயமும் வேண்டாம், அந்தப் பிள்ளையின் வீரமும் வேண்டாம். ஆறின பிறகும் எடுத்தவுடன் ஆட்டத்தில் இறக்காதே. முதலில் நடக்கட்டும், பிறகு மெல்ல ஓடட்டும், அடிபட்ட ஒற்றைக் காலில் பத்துத் தடவை வலியில்லாமல் குதிக்கட்டும், அப்புறம் பந்தைக் கொடு. தலைமை ஆசிரியர் வந்து, "நாளைக்கு மேட்ச், எப்படியாவது எறக்குங்க சார்" என்பார். நிச்சயம் ஒருநாள் வருவார். அன்றைக்கு நீ அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வேண்டும். வேலை போனால் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது.

இதெல்லாம் எனக்கு யார் சொன்னது என்றால், மதுரையில் உன் காலைப் பார்த்த டாக்டர்தான். அந்த நாளைப் பற்றித்தான் உனக்குத் தெரியாத ஒன்றை எழுதப்போகிறேன். இதை எழுத முடியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

உனக்குப் பதினாறு வயது. மாநில முகாமுக்குத் தேர்வாகிப் போய், நான்காவது நாளே அந்தக் கால் உன்னைக் கவிழ்த்துவிட்டது. மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படம் எடுத்த பிறகு உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "இது புது அடி இல்லம்மா. மூணு வருசத்துக்கு முன்னாடி விட்ட விரிசல். அப்பவே ஒரு கட்டுப் போட்டிருந்தா ஆறு வாரத்துல கூடியிருக்கும். யாரோ நல்லா அழுத்தி உருவி விட்டு எலும்பை நகர்த்திட்டாங்க. அதுமேலயே ஓடியும் இருக்கான். யாரும்மா அது?" என்று கேட்டார். "தெரியாதவுக ஒருத்தர்" என்றேன். அவரிடம் சொன்ன பொய்யோடு நிறுத்தவில்லை. வெளியே வந்தேன், நீ எழுந்து நின்று, "என்னம்மா சொன்னாக?" என்று கேட்டாய். "ஒனக்கு எலும்பே அப்படித்தானாம்ப்பா. பொறவியிலேயே வலு கம்மியாம். பெரிய ஆட்டமெல்லாம் தாங்காதாம்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன். பஸ்ஸில் காரைக்குடி வந்து சேரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். அன்றைக்குத்தான் நான் உலக்கையை விட்டேன். மணிக்கட்டு வலி எல்லாம் கட்டுக்கதை.

உன் கால் வலுவில்லாத கால் இல்லை, பிரிட்டோ. உன் எலும்பில் பிறவிக் குறை எதுவும் கிடையாது. நல்ல கால், மாநிலத்துக்கு ஆடியிருக்க வேண்டிய கால். அதைக் கெடுத்தவள் நான்.

பன்னிரண்டு வருஷமாக நீ உன்னையே வலுவில்லாதவன் என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாய். வேலியோரம் நின்று உன் பயிற்சியைப் பல தடவை கேட்டிருக்கிறேன். "வலிய தாங்கத் தெரியாதவனுக்கு இந்தக் கிரவுண்டுல எடமில்ல" என்று நீ கத்துவாய். பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வது போல இருக்கும், ஆனால் நீ யாரிடம் சொல்லுகிறாய் என்று எனக்கு மட்டும் தெரியும். நான் சொன்ன ஒரு பொய் உன்னை அப்படி ஒரு வாத்தியார் ஆக்கிவிட்டது. அந்த வாத்தியார்தான் உடைந்த காலோடு ஒரு பிள்ளையை ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பினான். செல்வியின் கையில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தபோது நான் மிரண்டுபோனது அதனால்தான்.

ஆகவே கோப்பை போனதற்காக என்மேல் கோபப்படாதே. அந்தக் கோபத்துக்கு நான் தலைகுனிய மாட்டேன், இந்த ஊர் முழுக்கத் திரண்டு வந்து கேட்டாலும் குனிய மாட்டேன். கோபப்பட உனக்கு உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது, அதை இப்போது உன் கையில் கொடுத்துவிட்டேன். உன் காலை உடைத்ததற்கும், உடைத்ததை மறைத்ததற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். பதினாறு வீட்டு அம்மாமாரும் படிக்கும்படி கேட்கிறேன். தருவதும் தராததும் உன் இஷ்டம், நான் அவசரப்படுத்த மாட்டேன். பேசாமலேயே திங்கட்கிழமை பஸ் ஏறினாலும் ஏறு.

ஒன்று மட்டும் செய். அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளை உன் முன்னால் வந்து நின்று, "சார், கால் வலிக்குது" என்று சொல்லும். பரீட்சைக்குப் பயந்து சொல்கிறதா, ஓடச் சோம்பல்பட்டுச் சொல்கிறதா என்று ஒரு நிமிஷம் உனக்குச் சந்தேகம் வரும். நீ கதறிச் சொன்னபோது நான் நம்பவில்லை. நீ நம்பு.

உன் அம்மா